முதல் முக்குளிப்புக் கணினி

கெடா மாநிலம் என்றதும் பலருக்கு நினைவில் எழுபவை பசுமையான நெல்வயல்களும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுமே. ஆனால், அம்மாநிலத்தின் மேற்கே மலாக்கா நீரிணை விரிந்து கிடக்கிறது. கடாரம் என்று பண்டைத் தமிழர் அழைத்த இந்நிலத்திற்கு அவர்கள் வந்து சேர்ந்ததும் கடல்வழியாகத்தான். அந்தக் கடலில், லங்காவிக்குத் தெற்கே பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் என்னும் நான்கு சிறு தீவுகள் உள்ளன. இவற்றைச் சூழ்ந்த நீர்ப்பகுதியே பாயார் தீவுக் கடல் பூங்கா. பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் கருமுனைச் சுறாக் குட்டிகளையும் காண, லங்காவியிலிருந்து படகேறிப் பலர் அங்குச் செல்கின்றனர்.

கடலில் மூழ்குவது தமிழர்க்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள், கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி ஆழத்திற்கு இறங்கினர். ஒரு மூச்சு தீரும்முன் அவர்கள் மேலே வந்தாக வேண்டும். இன்றைய ஸ்கூபா முக்குளிப்பாளரோ முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து, நீருக்கடியில் முக்கால் மணி நேரம்கூட மூச்சுவிட்டபடியே உலவுகிறார். அந்த வசதியோடு ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்து வந்தது. அந்த ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கைக்கடிகாரம் போன்ற கருவியே முக்குளிப்புக் கணினி.

பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்ற பலர் முதலில் வாங்க விரும்பும் கருவியும் இதுவே. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞருக்கோ, சுங்கை பட்டாணியில் படித்துக்கொண்டே பகுதி நேர வேலை செய்யும் ஒரு மாணவிக்கோ ஆயிரம் ரிங்கிட் என்பது சிறிய தொகையன்று. எளிய கணினியின் விலையே ஏறத்தாழ அவ்வளவு ஆகிறது. உயர்வகைக் கணினிகளின் விலை அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. அதிக விலை கொடுத்தால் அதிகப் பாதுகாப்புக் கிடைக்குமா? இக்கேள்விக்கு விடை காண, அக்கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கடல்மட்டத்தில் மனிதரின் உடல்மீது ஒரு மடங்கு காற்றழுத்தம் உள்ளது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் மேலும் ஒரு மடங்கு கூடுகிறது. ஆகவே, 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தம் இருக்கும். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆயினும், அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவுக்கு அது மிகுதியாகும்.

மூடிய சோடா போத்தலுக்குள் வாயு கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மூடியைச் சட்டெனத் திறந்தால் அழுத்தம் குறைந்து நுரை பொங்குகிறது. மெதுவாகத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறுகிறது. முக்குளிப்பாளர் விரைந்து மேலே வந்தால், சட்டெனத் திறந்த போத்தலில் நிகழ்வதே அவர் உடலுக்குள்ளும் நிகழ்கிறது. நைட்ரஜன் குமிழ்களாக மாறி இரத்த ஓட்டத்தைத் தடுக்கவும் திசுக்களைத் தாக்கவும் கூடும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் எனத் தொடங்கும் இந்நோய் சிலரை முடமாக்கியும் விடும். இதற்கு அழுத்தநீக்க நோய் என்று பெயர். தூய உயிர்வளி கொடுப்பது முதலுதவி. முழுச் சிகிச்சைக்கு அழுத்த அறை தேவை. அத்தகைய அறை எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. பேராக் மாநிலத்தின் லூமுட் கடற்படைத் தளத்தில் அது உள்ளது. பாயார் தீவில் நோயுற்றவர் அங்குச் சென்று சேர்வதற்குள் மணிக்கணக்கில் நேரம் கழிந்துவிடும்.

இந்நோயை உலகம் முதலில் பரவலாக உணர்ந்தது கடலில் அன்று. பாலம் கட்டும் பணியில். நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலத்திற்கு அடித்தளம் அமைக்க, 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தொழிலாளர்கள் ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரம்பிய பெட்டி அறைகளுக்குள் வேலை செய்தனர். மேலே வந்தபின் பலர் வலியால் துடித்தனர், சிலர் மாண்டனர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இந்நோய்க்கு ஆளாகி, எஞ்சிய பணிகளைத் தம் அறையிலிருந்தே கவனிக்க நேர்ந்தது. அவருடைய துணைவியார் எமிலி அன்றாடம் பணியிடத்திற்குச் சென்று வந்து உதவினார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது.

பின்னர், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் இச்சிக்கலை ஆராய்ந்தார். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பல சோதனைகள் செய்தார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படிப் படிப்படியாக மேலேற வேண்டும் என்று கூறும் அட்டவணைகளை 1908இல் வெளியிட்டார். நெடுங்காலம் முக்குளிப்பாளர்கள் இத்தகைய அட்டவணைகளையே நம்பினர். எடுத்துக்காட்டாக, பாடி என்னும் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி, அன்றைய முதல் முக்குளிப்பில் 18 மீட்டர் ஆழத்தில் 56 நிமிடம் இருக்கலாம். 30 மீட்டரில் 20 நிமிடம் மட்டுமே இருக்கலாம்.

அட்டவணையில் ஒரு குறை உண்டு. முக்குளிப்பாளர் சில நிமிடம் மட்டும் ஆழத்தில் இருந்துவிட்டு, மீதி நேரத்தை மேல்மட்டத்தில் கழித்தாலும், முழு நேரமும் ஆழத்திலேயே இருந்ததாகத்தான் அது கணக்கிடும். 1980ஆம் ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த முக்குளிப்புக் கணினிகள் இக்குறையைப் போக்கின. அவை நீரின் அழுத்தத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்து, உடலில் சேர்ந்திருக்கக்கூடிய நைட்ரஜனைத் தொடர்ந்து கணக்கிடுகின்றன. இடையில் நிற்காமல் மேலே வருவதற்கு இன்னும் எத்தனை நிமிடம் எஞ்சியுள்ளது என்பதைத் திரையில் காட்டுகின்றன. இதனை ‘நிறுத்தமிலா நேரம்’ எனலாம். ஆழத்திற்குச் சென்றால் அது விரைவாகக் குறையும். மேலே வந்தால் கூடும்.

இங்கு ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. கணினி அளப்பது ஆழத்தையும் நேரத்தையும் மட்டுமே. உடலுக்குள் இருக்கும் நைட்ரஜனை அது அளப்பதில்லை. ஒரு கணித முறைப்படி ஊகிக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மன் என்னும் மருத்துவ அறிஞர் வகுத்த கணித முறையைப் பல கணினிகள் பயன்படுத்துகின்றன. வேறு சில கணினிகள் வேறு முறைகளைப் பின்பற்றுகின்றன. அதனால், ஒரே இடத்தில் மூழ்கும் இருவரின் கணினிகள் வெவ்வேறு நிமிடங்களைக் காட்டலாம். அணிந்திருப்பவர் முதல்நாள் இரவு உறங்கவில்லை என்பதோ, போதிய நீர் அருந்தவில்லை என்பதோ எந்தக் கணினிக்கும் தெரியாது. ஆயிரம் ரிங்கிட் கணினிக்கும் தெரியாது. நாலாயிரம் ரிங்கிட் கணினிக்கும் தெரியாது.

எனவே, முதல் கணினியைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டிய முதற்கூறு விலையன்று, திரை. மலாக்கா நீரிணையின் நீர், கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங் ஆகியவற்றின் நீரைவிடக் கலங்கலானது. அந்த மங்கலில் ஆழம், நேரம், நிறுத்தமிலா நேரம் ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் படிக்க முடிய வேண்டும். பெரிய எண்களும் பின்னொளியும் இருப்பது நன்று. சிறிய திரையில் பத்து விவரங்களைக் காட்டும் கணினியைவிட, பெரிய எண்களில் மூன்று விவரங்களைக் காட்டும் கணினியே தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

இரண்டாவதாக, மேலேறும் வேகத்தை அது எச்சரிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். பாயார் தீவைச் சுற்றியுள்ள முக்குளிப்பு இடங்கள் மிக ஆழமானவை அல்ல. அங்கு ஒரு முக்குளிப்பில், நிறுத்தமிலா நேரம் தீர்வதற்கு முன்பே காற்றுக்கலனில் காற்றுக் குறைந்துவிடுவது இயல்பு. அதனால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது மேலேறும்போதுதான். நிமிடத்திற்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறாதிருத்தலும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருதலும் இன்று பரவலாகப் பின்பற்றப்படும் நெறிகள். வேகம் மிகுந்தால் ஒலியெழுப்பி எச்சரிப்பதும், 3 நிமிடத்தைத் தானே எண்ணிக் காட்டுவதும் முதல் கணினியில் இருக்க வேண்டிய வசதிகள். எனினும், மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும் என்பதை எந்தக் கருவியும் எச்சரிக்காது. இடைவிடாது மூச்சுவிட வேண்டும் என்னும் பாடத்தை முக்குளிப்பாளரே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மின்கலம். சில கணினிகளின் மின்கலத்தைப் பயனரே மாற்றலாம்; சிலவற்றை விற்பனையாளரிடம் அனுப்ப வேண்டும்; சிலவற்றைக் கைப்பேசியைப் போல மின்னேற்றம் செய்யலாம். பீடோங்கிலோ பாடாங் செராயிலோ வசிப்பவர் மின்கலம் மாற்றுவதற்காகவே கருவியைத் தொலைவிலுள்ள கடைக்கு அனுப்பிக் காத்திருப்பது சிரமம். அருகில் யார் பழுது பார்ப்பார் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டறிவது நல்லது.

நான்காவது, எதிர்காலத் தேவை. உயிர்வளி மிகுந்த காற்றுக் கலவையைப் பயன்படுத்தப் பின்னாளில் பயிற்சி பெறுவோர் பலர். அதற்கான அமைப்பு இன்று எளிய கணினிகளிலும் உள்ளது. கலனில் எஞ்சியுள்ள காற்றின் அளவைக் கம்பியின்றிக் கணினியிலேயே காட்டும் வசதி, வண்ணத் திரை, திசைகாட்டி ஆகியவை பயனுள்ளவைதாம். ஆனால், ஆண்டுக்கு நான்கைந்து முறை மூழ்குபவருக்கு அவை இன்றியமையாதவை அல்ல. அந்தப் பணத்தில் மேலும் சில முக்குளிப்புகளை ஒரு நல்ல பயிற்றுநருடன் மேற்கொள்ளலாம்.

உடனே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. முதல் சில பயணங்களில் வெவ்வேறு கணினிகளை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தினால், எது தம் கண்ணுக்கும் கைக்கும் பொருந்துகிறது என்பது தெளிவாகும். ஆனால், ஒரே நாளின் முக்குளிப்புகளுக்கு இடையே கணினியை மாற்றுவது தவறு. முதல் முக்குளிப்பில் சேர்ந்த நைட்ரஜனின் கணக்கு முதல் கணினியில்தான் இருக்கும். புதிய கணினி அதை அறியாது. இதே காரணத்தால், நண்பர்கள் இருவர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்வதும் ஏற்றதன்று. ஒருவர் சற்று ஆழமாகச் சென்றிருந்தாலும் இருவரின் கணக்கும் வேறாகிவிடும்.

முக்குளிப்பு முடிந்த பின்னும் கணினியின் வேலை முடிவதில்லை. எவ்வளவு நேரம் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் அது காட்டும். ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொது அறிவுரை. விமானம் மட்டுமன்று, மலையும் அப்படித்தான். கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரமானது. அதன் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. காலையில் பாயார் தீவில் மூழ்கிவிட்டு, மாலையில் குருண் வழியாக ஜெராய் உச்சிக்கு வாகனத்தில் ஏறுவது இனிய சுற்றுலாவாகத் தோன்றலாம். உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜனோ அங்கும் குமிழாகக் கூடும். மலையை முதல்நாளும் கடலை மறுநாளும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

வாங்கிய கணினியைப் பேணுவதும் முக்கியம். ஒவ்வொரு முறையும் உப்பு நீங்க நன்னீரில் அலச வேண்டும். வெயிலில் நிற்கும் மகிழுந்துக்குள் விட்டு வைக்கக் கூடாது. பயனர் கையேட்டை நீரில் இறங்கும் முன்பே, கரையில் அமர்ந்து படித்து முடிக்க வேண்டும். ஒவ்வோர் ஒலிக்கும் குறிக்கும் பொருள் தெரியாதவரின் கையில் கணினி வெறும் அணிகலனே. நீருக்கடியில் அது பழுதானால், மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் நின்று, கரை சேர்ந்துவிட வேண்டும். அன்று மீண்டும் மூழ்கக் கூடாது.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது முன்னோர் வாக்கு. ஆழத்தை அறிய இன்று கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஆயினும், அது மேலே வரச் சொல்லும் நேரத்தில் மேலே வருவது அணிந்திருப்பவரின் பொறுப்பு. தெளிவாகப் படிக்கவும், முழுமையாகப் புரிந்துகொள்ளவும், தயங்காமல் கீழ்ப்படியவும் கூடிய கணினி எதுவோ, அதுவே ஒருவருக்கு ஏற்ற முதல் கணினி.