பர்ட்டன் தண்ணீரின் ருசி

இங்கிலாந்தில், ட்ரென்ட் நதிக்கரை ஊரான பர்ட்டனில் பேல் ஏல் பியர் வாங்கினால், முதலில் மூக்கில் ஏறுவது லேசான கந்தக வாடை, தீக்குச்சி உரசினாற்போல. கெட்டுப்போச்சு என்று கிளாஸைத் தள்ளிவிடாதீர்கள். ஜிப்சம் படிவுகளில் ஊறிவரும் அவ்வூர்க் கிணற்று நீரில் சல்பேட் அதிகம். வாடைக்கும் அதுதான் காரணம். ஹாப்ஸ் பூவின் கசப்பைக் கூர்மையாக்கி, நாக்கில் தித்திப்பு தங்காமல் துடைப்பதும் அதுவே. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து இந்த ருசியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

இந்த ஊர் ஏல்களில் எனக்குப் பிடித்தது மார்ஸ்டன்ஸ் பெடிகிரி; ஆல்கஹால் 4.5 சதவீதம்தான். ஜில்லென்று கேட்காதீர்கள் (நம்மவர்களுக்கு இது கஷ்டம்தான்). சுமார் 12 டிகிரியில், அரை பைன்ட்டை மெல்ல உறிஞ்சினால், கந்தகம் அடங்கியபின் மால்ட்டின் பிஸ்கட் வாசம் பிடிபடும்.