தண்ணீரோடு ஒரு போராட்டம்: பால் சாக்லேட் பிறந்த கதை

பாலையும் கொக்கோவையும் கலந்தால் பால் சாக்லேட் வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கடித்துத் தின்னும் சாக்லேட்டில் பாலைச் சேர்க்க முடியாமல் ஐரோப்பா நெடுங்காலம் திணறியது. தடையாக நின்றது பாலில் உள்ள தண்ணீர்.

கொக்கோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. பசும்பாலில் சுமார் 87 சதவீதம் நீர். உருக்கிய சாக்லேட்டில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் சர்க்கரையும் கொக்கோத் துகள்களும் நனைந்து ஒட்டிக்கொள்ளும், குழம்பு கட்டிதட்டிப்போகும். எப்படியோ கலந்துவிட்டாலும் அந்த ஈரத்தால் சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், சுவிட்சர்லாந்தின் வவே நகரில் மெழுகுவத்தித் தொழில் செய்துவந்த டேனியல் பீட்டர். மண்ணெண்ணெய் விளக்குகள் பரவியதும் அவர் தொழில் படுத்துவிட்டது. மாமனார் பிரான்சுவா லூயி கையே அப்பகுதியில் 1819லேயே சாக்லேட் தொழிலைத் தொடங்கியவர். மருமகனும் அந்த வழிக்கு வந்தார். பழைய தொழிற்சாலைகளோடு போட்டியிட வேண்டுமானால் புதிதாக ஏதாவது வேண்டும். ஊரைச் சுற்றிப் பாலுக்கோ பஞ்சமில்லை.

பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1875இல் நீர் வற்றிய பாலைக் கொண்டு அவர் வெற்றி கண்டார். முதலில் வந்தது கரைத்துக் குடிக்கும் தூள்தான். கெட்டியான வில்லைக்கு மேலும் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. 1887 வாக்கில் 'காலா பீட்டர்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இதற்கிடையே 1879இல் பெர்ன் நகரின் ரோடோல்ஃப் லிண்ட், சாக்லேட்டை நீண்ட நேரம் உருட்டித் தேய்க்கும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். நாக்கில் நறநறக்காமல் கரையும் மென்மை அதிலிருந்து வந்தது.

சுவிஸ் சரக்கின் போட்டியைச் சமாளிக்கவே இங்கிலாந்தின் கேட்பரி நிறுவனம் 1905இல் 'டெய்ரி மில்க்'கைக் கொண்டுவந்தது. பீட்டரின் நிறுவனமோ கோலர், கையே நிறுவனங்களுடன் இணைந்து, 1929இல் நெஸ்லேயின் கைக்குப் போனது.

அடுத்த முறை பால் சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பி, சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பால் பவுடர் அல்லது பால் திடப்பொருள் என்றுதான் இருக்கும். தண்ணீரை நீக்காமல் இன்றும் பால் சாக்லேட் செய்ய முடியாது.