ரத்தம் கசியும் நுரையீரலுக்கு மாற்று உண்டா?

தாராவியில் ஒரு குழந்தை இருமும்போது ரத்தம் வந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டிபி. அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. மும்பைக்குக் காசநோய் புதிதல்ல. சிவ்ரியில் அதற்கென்றே மாநகராட்சி ஆஸ்பத்திரி நடக்கிறது. ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, டிபி மாத்திரையும் பலிக்கவில்லை, ரத்தசோகை மட்டும் விட்டு விட்டுத் திரும்புகிறது என்றால், பக்கத்துச் சயான் ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ ஒரு நுரையீரல் நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அந்த நோய் இடியோபதிக் பல்மனரி ஹீமோசிடரோசிஸாக இருக்கலாம். 1864-இலேயே ஜெர்மானிய நோயியல் நிபுணர் விர்ஷோ இதை விவரித்துவிட்டார். காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. ஸ்வீடன், ஜப்பான் கணக்குகளின்படி பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது.

நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் ரத்தம் கசிகிறது. அதிலுள்ள இரும்புச்சத்தை அங்குள்ள துப்புரவு செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. எலும்பு மஜ்ஜைக்கு அது சரிவரத் திரும்பிப் போவதில்லை. லாக்கரில் நகையைப் பூட்டிவிட்டு வட்டிக்குக் கடன் வாங்கும் கதைதான்: நுரையீரலில் இரும்பு குவிகிறது, உடம்போ இரும்பின்றி வெளிறுகிறது. சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் ரத்தம் கண்ணில் படாமலே போகலாம். வெறும் சோகை என்று டானிக் கொடுத்தே மாதங்கள் கழிந்துவிடும். மூச்சிரைப்பு, சோகை, எக்ஸ்ரேயில் படலம் மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கும் நீரில், இரும்பேறிய செல்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஆனால் அது கசிவைத்தான் காட்டும், காரணத்தை அல்ல. ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட இதய வால்வு, லூபஸ், ரத்தநாள அழற்சி, பால் ஒவ்வாமை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயரைச் சூட்ட முடியும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயும் கூடவே வருவதுண்டு. அப்படிப்பட்ட சிலருக்குச் சப்பாத்தியை நிறுத்தியதுமே கசிவு குறைந்திருக்கிறது. மருந்துக்கு முன்னால் கேட்டுவிட வேண்டிய மலிவான கேள்வி இது.

பிரெட்னிசோலோன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அசதையோபிரின் போன்ற மருந்துகளால் பலர் வருஷக்கணக்கில் சமாளிக்கிறார்கள். மாற்று நுரையீரல் பேச்சே, திரும்பத் திரும்பக் கசிந்து நுரையீரல் தழும்பேறி, ஆக்சிஜன் சிலிண்டரை விட்டு நகர முடியாத நிலையில்தான் எழுகிறது.

பணம் கொடுத்து வரிசையில் முந்த வழியில்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற மருத்துவமனை நோயாளியைப் பதிவு செய்ய வேண்டும். மும்பையில் உறுப்புகளைப் பங்கிடுவது மண்டல ஒருங்கிணைப்பு மையம். மூளைச்சாவு அடைந்தவரின் ரத்த வகையும் மார்பின் அளவும் ஒத்துவர வேண்டும், எடுத்த நுரையீரலைச் சில மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். வெண்டிலேட்டரில் இருந்தவரின் நுரையீரல் சட்டென்று கெட்டுவிடுவதால், சிறுநீரகம் கிடைக்கிற அளவுக்கு இது கிடைப்பதில்லை. குழந்தைக்குப் பொருந்தும் அளவு இன்னும் அரிது.

பொருத்திய பிறகும் கதை முடியாது. உலக அளவில் மாற்று நுரையீரல் பெற்ற பெரியவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. அதனால் உறங்கிக் கிடக்கும் டிபி விழித்துக்கொள்ளலாம் என்பதால் முன்கூட்டியே அதற்கும் பரிசோதிப்பார்கள். புது நுரையீரலிலேயே இந்த நோய் திரும்பி வந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கோளாறு நுரையீரலில் மட்டும் இல்லை போலும். இதை மறைத்துச் சம்மதக் கையெழுத்து வாங்கும் மருத்துவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

செலவு பல லட்சம். மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் பத்தில் ஒரு படுக்கையை வறியவர்களுக்கு இலவசமாகவும் இன்னொன்றைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம். அறுவைச் சிகிச்சையும் பிந்தைய மருந்தும் அதில் எவ்வளவு அடங்கும் என்பதை, பதிவுக்கு முன்னாலேயே மருத்துவமனையின் சமூக சேவகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.