மாத்திரைக்கு முன்னால் என்ன செய்யலாம்?

"இந்த வயசுல மாத்திரையா? பழகிப்போயிடாதா?" பிள்ளைக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) என்று மருத்துவர் சொன்னதும் எழும் இந்தப் பயம் நியாயமானதே. 6 வயதுக்குக் கீழ் முதல் சிகிச்சையும் மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சிதான்.

அது ஏன் பலன் தருகிறது? இந்தக் குழந்தைகளை நாளைய பரிசு அவ்வளவாக இழுப்பதில்லை. சொன்னதை மனதில் நிறுத்திவைப்பதும் சிரமம். "பல் தேய்ச்சு, யூனிஃபார்ம் மாட்டி, பையை எடுத்துட்டு வா" என்றால் பல் தேய்ப்பதற்குள் மற்றதெல்லாம் நழுவிவிடும். அது திமிர் அல்ல. அருகில் போய் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். செய்ததும் அங்கேயே பாராட்டுங்கள். முழுப் பரீட்சைக்குப் பிறகு சைக்கிள் என்பது ரொம்பத் தூரம்.

கூடவே பதற்றமும் இருந்தால்? பயந்ததைத் தவிர்க்கும்போது உடனே நிம்மதி வருகிறது; அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. அதனால் வகுப்பில் பேச நடுங்கும் பிள்ளை முதலில் டீச்சரிடம் தனியாகப் பேசட்டும், பிறகு இரண்டு நண்பர்கள் முன்னால்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 குழந்தைகளிடம் நடந்து, 1999-இல் வெளியான எம்டிஏ ஆய்வில், ஏடிஹெச்டி அறிகுறிகளைக் குறைப்பதில் இத்தகைய நடத்தைப் பயிற்சியைவிட மாத்திரையே முந்தியது. ஆனால் பதற்றமும் சேர்ந்திருந்தவர்களிடம் நடத்தைப் பயிற்சி ஏறக்குறைய அதற்கு ஈடுகொடுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் படிப்பும் நட்பும் தடுமாறினால், மாத்திரையை மறுப்பது பிள்ளைக்கு நல்லதல்ல என்றே நினைக்கிறேன். இதற்கு வழக்கமாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து, மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சற்றுக் கூட்டுகிறது. அதன் சாதாரண மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். பசியும் தூக்கமும் குறையலாம். அதனால்தான் மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்க்கிறார்.