எம்.சி.பி.யின் எண்ணை வயரிடம் கேளுங்கள்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள பாரிவாக்கம் போன்ற ஊர்களில் தனி வீடு ஒரே மூச்சில் முடிவது அரிது. முதலில் தரைத்தளம், சில ஆண்டுகள் கழித்து மாடி, அதன் பிறகு ஏ.சி., கீசர், போர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். சுமை மிகுந்தால் லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. கோடையில் அடிக்கடி விழத் தொடங்கினால், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போட்டால் தொல்லை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். விழுவது நின்றுவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் கண்டுபிடிப்பாக 1924இல் காப்புரிமை பெற்ற இந்தச் சிறு கருவிக்குள் இரண்டு காவல்கள் உள்ளன. சுமை மெல்ல மிகும்போது சூடாகி வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று. ஷார்ட் சர்க்யூட் ஆனதும் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுக்கும் மின்காந்தச் சுருள் மற்றொன்று. பட்டை அவசரப்படாது. தன் எண்ணைவிட 13 சதவீதம் மிகுந்த மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் வரை விழாமல் விட வேண்டும், 45 சதவீதம் மிகுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது தர விதி. அப்படியானால் 32 என்று எழுதிய எம்.சி.பி. 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்கும். குழாய்க்குள் ஓடும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் தாங்குவதோ ஏறத்தாழ 20 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த வயரில் மூன்று மடங்குக்கு மேல் சூடு பிறக்கும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு ஏற்றது. அதைத் தொடர்ந்து தாண்டினால் நாளடைவில் இளகிக் கருகும். ஆகவே எம்.சி.பி.யின் எண்ணை முடிவு செய்ய வேண்டியது வயரின் கனம்.

ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பதே 7, 8 ஆம்பியர்தானே, 32 போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எதுவும் கெடாது. கம்ப்ரஸர் இறுகி நின்று பல மடங்கு இழுக்கும் நாளுக்காக, அல்லது அதே லைனில் இன்னொருவர் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகும் நாளுக்காகத்தான் எம்.சி.பி. இருக்கிறது. வெயிலால் விழுகிறது என்பதும் ஓரளவு உண்மை. 30 டிகிரியில் அளவிடப்பட்ட பட்டை, நம் மே மாதத்தில் சற்று முன்னதாகவே விழும். ஆனால் அதே சூட்டில் வயரின் தாங்குதிறனும் குறைகிறதே! மோட்டார் கிளம்பும்போது விழுகிறது என்றால் மாற்ற வேண்டியது எண்ணை அல்ல, அதன் முன்னுள்ள எழுத்தை. பி வகை 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே விழும். பி10ஐத் தள்ளிவிடும் மோட்டார், சி10இல் பெரும்பாலும் அமைதியாகக் கிளம்பிவிடும். கனமான வயர் இழுக்காமல் எண்ணைக் கூட்ட வழியில்லை.

இத்தனை சரியாகச் செய்தாலும் எம்.சி.பி. மனிதரைக் காப்பாற்றாது. இதை அறியாதவர் பலர். நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வாசலோரம் புதைத்த ஒரு குழாய். அதன் தடை 10 ஓம் என்றால், கீசர் உடம்பில் 230 வோல்ட் கசிந்தாலும் மண்ணுக்குள் ஓடுவது 23 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ள நெடுநேரம் ஆகலாம். உயிர் போக அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி.யால் மட்டுமே இங்கே உதவ முடியும். மழைக்காலத்தில் அது காரணமின்றி விழுகிறது என்று சொல்லிக் கழற்றுகிறார்கள். ஈரம் ஏறிய சுவரோ, இரண்டு லைனுக்கும் பொதுவாகிப்போன நியூட்ரலோ அங்கே இருக்கும். கழற்றினால் கசிவு நிற்காது, எச்சரிக்கைதான் நின்றுபோகும். செலவு மிகும் என்றால், வேறெதையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஏ.சி. வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனிடம் அந்த லைனின் வயர் எத்தனை சதுர மி.மீ. என்று கேளுங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.