வெந்நீர்ச் செலவும் வயலின் உரமும்

நமது ஜில்லாவின் குடியானவர்கள் விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் நிலவரிக்கும் கணக்கு வைப்பதுண்டு. ஆனால் ஸ்நானத்துக்கும், மாட்டுத் தொழுவத்துக்கும், பால் பாத்திரங்களைக் கழுவுவதற்கும் தினந்தோறும் காய்ச்சப்படும் வெந்நீருக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறதென்று கணக்கெடுப்பவர் அரியர். காஸ் அடுப்பு பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்ட போதிலும், குளிக்கும் நீர் மட்டும் இன்றும் பல வீடுகளில் கொல்லைப்புறத்து விறகடுப்பிலேயே காய்கிறது. அங்கு எரிவது முள் விறகு, தென்னை மட்டை, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் பருத்திமார், சில வீடுகளில் எருவாட்டி என்னும் வறட்டி. இவற்றுள் ஒரு பகுதி நிலத்துக்குச் சேரவேண்டிய பொருள் என்பதே இக்கட்டுரையில் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

சாணத்தை எரிப்பதால் விவசாயத்துக்கு உண்டாகும் நஷ்டம் புதிதாகக் கண்டறியப்பட்ட விஷயமன்று. 1889-இல் இந்திய விவசாயத்தை ஆராயும்பொருட்டு இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் வோல்க்கர் என்பவர், 1893-இல் வெளிவந்த தமது அறிக்கையில், குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையால் மட்டுமன்று, விறகு கிடைக்காமையாலேயே என்று எடுத்துக்காட்டி, எரிபொருளுக்கு வேறு வழி செய்து கொடுத்தால் சாணம் தானே வயலுக்குத் திரும்பும் என்று வற்புறுத்தினார். அன்று அவர் வேண்டிய மாற்று வழிகள் இன்று பல உள்ளன. அவற்றுள் எது எவருக்கு ஏற்றது என்பதை ஆராய்வோம்.

வெந்நீரின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்த்துவதற்கு ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 100 லிட்டர் தேவையென்று கொள்வோம். மார்கழி மாதத்தில் தொட்டி நீர் சுமார் 25 டிகிரியில் இருக்கும். அதை 45 டிகிரிக்குக் கொண்டுவர 2,000 கிலோகலோரி போதும். கொதிக்கவைத்துப் பின்னர் தண்ணீர் விளாவிக்கொள்வது வழக்கமெனினும், வேண்டிய அளவுக்கு மேல் காய்ச்சும்போது பாத்திரத்தின் பக்கங்களிலும் ஆவியிலும் வெப்பம் அதிகமாக வீணாகிறது.

காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோகலோரி வெப்பம் உண்டு. ஆயினும் மூன்று கற்களைக் கூட்டிய திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கே தண்ணீரைச் சேரும். மீதியைக் காற்றும் புகையும் கொண்டுபோகின்றன. ஆகவே மேற்படி 100 லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ விறகு செலவாகும். ஐப்பசி மத்தியிலிருந்து மாசி மத்தி வரை 120 நாட்களுக்கு இது 700 கிலோவுக்கும் மேற்படும்.

வறட்டியை எரித்தால், அதன் வெப்பம் விறகினும் குறைவாதலால், அதே காலத்துக்குச் சுமார் 800 கிலோ வேண்டும். உலர்ந்த சாணத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை தழைச்சத்து உண்டு. எரிக்கும்போது மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சாம்பலில் நிற்கும். தழைச்சத்தோ முழுவதும் புகையுடன் போய்விடும். இவ்விதம் ஒரு குடும்பம் இழப்பது ஏறக்குறைய அரை மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்துக்குச் சமமாகும். இதனினும் பெரிய நஷ்டம் மக்குப்பொருள் போவதே. யூரியாவைக் கடையில் வாங்கலாம். மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கை அவ்விதம் மூட்டையில் வாங்குவது எளிதன்று.

செலவில்லாச் சீர்திருத்தங்கள்

புதிய சாதனம் வாங்க இயலாதவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நமது முன்னோர் அமைத்த கொடியடுப்பைப் பயன்படுத்துதல். சமையல் நடக்கும் தாய் அடுப்பிலிருந்து மிஞ்சிச் செல்லும் அனல் கொடியடுப்பின்மேல் உள்ள தவலையைத் தாக்குமாதலால், தனி விறகின்றி வெந்நீர் கிடைக்கும். சமைக்கும் நேரம் முழுதும் அத்தவலையில் நீர் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, தவலையை எப்பொழுதும் மூடிவைத்தல். வாரம் ஒருமுறை அடியில் படிந்த கரியைச் சுரண்டுதல். விறகை மழையில் நனையாது அடுக்கி நன்றாக உலர்த்தி எரித்தல். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

மூன்றாவது, நடுவே புகைக்குழாய் செல்லும் செம்புப் பாய்லரை உபயோகித்தல். அதில் நெருப்பைச் சுற்றிலும் நீர் இருப்பதால், திறந்த அடுப்பைக் காட்டிலும் குறைந்த சுள்ளியே போதும். புகையும் குழாய் வழியே மேலே போய்விடுவதால், அடுப்பண்டை நிற்கும் பெண்மக்களின் கண்ணுக்கும் மார்புக்கும் தீங்கு குறையும்.

சாண எரிவாயு

நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் நாள் ஒன்றுக்கு 50 கிலோ பச்சைச் சாணம் கிடைக்கும். அது 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலத்துக்குப் போதுமானது. ஒரு கன மீட்டர் வாயுவின் வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்டது பாத்திரத்தைச் சேருமாதலால், மேற்சொன்ன 100 லிட்டருக்கு முக்கால் கன மீட்டர் போதும். எஞ்சியதைச் சமையலுக்குக் கொள்ளலாம். சாணத்தை எரித்தால் தழைச்சத்து போய்விடும். கலத்தில் இட்டாலோ வாயு மட்டும் பிரிந்து, தழைச்சத்து கழிவுக் குழம்பிலேயே தங்கி வயலுக்குத் திரும்பும். வெப்பமும் உரமும் ஒருங்கே கிடைப்பது இம்முறையின் தனிச் சிறப்பு. இதற்கான தேசியத் திட்டம் 1981-82-இல் தொடங்கியது. அதன்பின் கட்டப்பட்ட கலங்களுள் பராமரிப்பின்றிக் கிடப்பவை உள்ள கிராமங்களில், புதியது கட்டுமுன் பழையதைச் செப்பனிடலாகுமா என்று பார்த்தல் சிக்கனமாகும்.

சூரிய வெப்பச் சாதனம்

மதுரைச் சமவெளியில் வருஷத்தின் பெரும்பகுதி நல்ல வெயில் உண்டு. இவ்வெயிலைக் கொண்டு நீரைக் காய்ச்சும் சாதனத்துக்கு 1891-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. இஸ்ரேல் தேசத்தில் 1980-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், புதிய வீடுகளில் இதனை அமைப்பது கட்டாயமாயிற்று.

இதன் அமைப்பு எளிது. கறுப்பு வர்ணம் பூசிய தகடும் அதனோடு இணைந்த செம்புக் குழாய்களும் கண்ணாடி மூடிய பெட்டியில் இருக்கும். வெயிலில் குழாய் நீர் சூடேறி இலேசாகி மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கீழே இறங்கும். மோட்டார் வேண்டுவதில்லை. தொட்டியைச் சுற்றி வெப்பம் கடத்தாத பொருள் பொதிந்திருப்பதால், மாலையில் சூடேறிய நீர் மறுநாள் விடியற்காலை வரை சூடாக இருக்கும். தகட்டுக்குப் பதிலாகக் காற்றகற்றிய கண்ணாடிக் குழல்கள் பொருத்திய வகையும் உண்டு. 2 சதுர மீட்டர் பரப்புள்ள தகட்டுச் சாதனம் வெயில் நாளில் 100 லிட்டர் நீரை ஏறக்குறைய 60 டிகிரி வரை காய்ச்சும்.

இதனை அமைப்பவர்கள் கவனிக்கவேண்டியவை பின்வருமாறு:

1. பெட்டி தெற்கு நோக்கி இருத்தல் வேண்டும். மதுரை சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. குளிர்காலத்திலேயே வெந்நீர் அதிகம் வேண்டுவதால், 20 டிகிரி அளவு சாய்வாக வைப்பது நலம்.

2. மரநிழல் படலாகாது. மார்கழியில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், 15 மீட்டர் உயரமுள்ள தென்னையின் நிழல் வடக்கே 10 மீட்டர் தூரம் விழும். சித்திரையில் நிழல் இல்லையென்று நம்பி இடம் தேர்ந்தெடுத்தால் மார்கழியில் ஏமாற்றமுண்டாகும்.

3. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்புக் கடினமானது. அது சூடேறும்போது சுண்ணாம்பு படிந்து மெல்லிய செம்புக் குழாய்களை அடைத்துவிடும். அத்தகைய ஊர்களில் கண்ணாடிக் குழல் வகையையோ, வெப்பமாற்றி பொருத்தியதையோ வாங்கி, வருஷம் ஒருமுறை சுத்தம் செய்விக்கவேண்டும்.

4. தொட்டியின் ஆவிபோக்கிக் குழாயை ஒருபோதும் அடைக்கலாகாது. குளியலறைக்கு வரும் குழாய் குறுகியதாகவும் வெப்பம் கடத்தாத உறையிட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

5. தகட்டுச் சாதனமாயின் ஐ.எஸ். 12933 என்னும் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை மூட்டத்தில் இச்சாதனம் முழுப் பலன் தராது என்பதை மறைக்கலாகாது. அந்நாட்களுக்குப் பழைய பாய்லரையோ கொடியடுப்பையோ வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மறுபுறத்தில், கோடையில் குளிக்க வெந்நீர் வேண்டாதபோதும் சாதனம் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்நீரால் பால் கேன்களைக் கழுவலாம். அவிக்கும் நெல்லை ஊறவைக்கலாம். குளிர்ந்த நீரில் வெகுநேரம் ஊறி நாற்றமெடுக்கும் நெல், சூடான நீரில் சில மணி நேரத்திலேயே பதமாகிவிடும். வருஷம் முழுதும் இவ்விதம் உபயோகிக்கும் வீட்டில் போட்ட முதல் விரைவில் திரும்பும். நான்கு மாதம் மட்டும் உபயோகிக்கும் வீட்டில் தாமதமாகும். வாங்குமுன் இதனை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கணக்கிட்டுக்கொள்வது அவசியம்.

மின்சாரமும் காஸும்

நகரத்தில் மாடி இல்லாதவர்களுக்கும் நிழல் சூழ்ந்த வீட்டாருக்கும் மின்சாரமே வழியாகலாம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பம் தரும். 100 லிட்டருக்குத் தினம் சுமார் இரண்டரை யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 150 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டுவரினும், வெந்நீர் ஒன்றே அதனைக் கடந்துவிடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். கொதிகலன் வாங்குவோர் அதிக நட்சத்திரக் குறியுள்ளதைத் தேர்ந்தெடுத்து, 50 டிகிரியில் நிறுத்தி, குளிப்பதற்குச் சற்று முன் மட்டும் இயக்குவது நலம்.

காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்குக் கொடுக்கும் வெப்ப ஏற்றி என்னும் சாதனம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். விலை அதிகமாதலால் விடுதி, மண்டபம் போன்ற பெரிய உபயோகங்களுக்கே இது முக்கியமாகப் பொருந்தும்.

சமையல் காஸில் பாத்திரம் வைத்து வெந்நீர் காய்ச்சினால், 14.2 கிலோ சிலிண்டர் இதற்கு மட்டுமே ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். வாளியில் மின்கம்பி இட்டுச் சுடவைப்போர், மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை வெளியே எடுத்த பின்னரே நீரில் கை வைக்கவேண்டும். காஸ் கொதிகலனைக் காற்றோட்டமற்ற குளியலறையில் பொருத்தலாகாது. அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாசனையற்றது, அறிவிப்பின்றி உயிரைப் போக்கவல்லது.

“விறகு சும்மா கிடைக்கிறதே” என்பார்க்கு

சீமைக் கருவேல் எங்கும் மண்டியிருக்க, வேறு சாதனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கண்மாய்களிலிருந்து இம்மரத்தை அகற்றவேண்டியது உண்மையே. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2017-இல் அவ்வாறு உத்தரவிட்டது. வெட்டியதை எரிப்பதில் தவறில்லை. ஆனால் வெட்டுவதற்கும் சுமப்பதற்கும் ஆகும் ஆள்வேலையும் பணமே. கண்மாய் மரம் பொதுச்சொத்தாதலால், முறைப்படி ஏலம் விட்டுக் கிடைக்கும் தொகை ஊருக்குச் சேரவேண்டியது. எஞ்சிய முள் விறகைத் திறந்த அடுப்பில் வீணாக்காது பாய்லரில் எரித்தால், பாதி விறகிலேயே காரியம் முடியும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், மாணவர் விடுதி, சுகாதார நிலையம் முதலிய பொது இடங்களில் வெந்நீர்த் தேவை உள்ளதா என்று பார்த்து, அங்கு முதலில் சூரியச் சாதனம் அமைக்க முயலலாம். கண்ணால் கண்ட பலனே குடியானவருக்குச் சிறந்த போதனை. அமைத்தபின் சுத்தம் செய்யும் பொறுப்பு எவருடையது என்பதை அன்றே எழுத்தில் குறித்துவைத்தல் வேண்டும். பராமரிப்பாரின்றிப் பழுதான சாதனம் ஊரார் நம்பிக்கையையும் பழுதாக்கும்.

இவ்வருஷ ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு குடியானவரும் ஒரு வாரம் தம் வீட்டு வெந்நீருக்கு எரியும் பொருளை நிறுத்துக் குறித்துக்கொள்வாராக. அதில் சாணமும் பருத்திமாரும் எவ்வளவு என்று தனியே எழுதுக. மாடுள்ளவர் எரிவாயுக் கலத்தையும், வெயில் படும் மாடியுள்ளவர் சூரியச் சாதனத்தையும், இரண்டும் இயலாதவர் கொடியடுப்பையும் மூடியிட்ட தவலையையும் கைக்கொள்ளலாம். வறட்டியாகாத சாணம் குப்பைக்குழிக்கும், எரியாத பருத்திமார் துண்டு துண்டாக வெட்டப்பட்டு மக்குக்குழிக்கும் சேர்ந்தால், அடுத்த சாகுபடியிலேயே அதன் பயனை நிலம் காட்டத் தொடங்கும்.