துரு யாருடையது? – ‘ரேட் ராட்’ கார்களை முன்வைத்து

1

ஒரு காரின் படம். பானெட் இல்லை. மட்கார்டு இல்லை. எஞ்சின் குடல் சரிந்தமாதிரி வெளியே தெரிகிறது. கூரையை யாரோ தலையில் குட்டி அமுக்கியிருக்கிறார்கள். கதவு முழுக்கத் துரு. சீட்டில் கோடு போட்ட போர்வை. கியர் குச்சியின் தலையில் பீர்க்கடைக் குழாயின் கைப்பிடி. “இதென்னய்யா, காயலாங்கடைக்குப் போற வழியில நின்னுபோன வண்டியா?” என்றுதான் கேட்கத் தோன்றும்.

அமெரிக்காவில் இதற்கு ‘ரேட் ராட்’ என்று பெயர். ரேட் என்றால் எலி. ராட் என்பது ‘ஹாட் ராட்’ என்ற பழைய சொல்லின் பின்பாதி. ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும் பணம் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் காயலாங்கடைத் தகரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் துரு ஒன்றுதானே? ஏழ்மையின் தோற்றம் எப்போது அழகாகிறது, யார் அணிந்தால் அழகாகிறது என்ற பழைய கேள்விதான் இங்கே சக்கரம் கட்டிக்கொண்டு வருகிறது. எழுதுகிறவர்களுக்கும் இதில் சங்கதி இருக்கிறது.

2

எலி எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஃபோர்டிடம் போக வேண்டும். மாடல் டி கார் 1908இல் வந்தது. 1927இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியே வந்துவிட்டன. 1913இல் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் தொகுப்பு வரிசையைக் கொண்டுவந்த பிறகு, ஒரு சேஸிஸைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. தொழிலாளி ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கினான். 1914இலிருந்து 1925 வரை வண்டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. செய்தவனின் கை அதில் தெரியவில்லை. வாங்கியவனின் முகமும் தெரியவில்லை.

இந்த வெறுமையைக் காசாக்கியது ஜெனரல் மோட்டார்ஸ். வருஷத்துக்கொரு மாடல், விதவிதமான நிறம். 1927இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் கலைக்கும் வண்ணத்துக்கும் என்றே தனிப்பிரிவு திறந்தார்கள். போன வருஷத்துக் கார் நன்றாக ஓடினாலும் ‘பழசு’ ஆனது. பழசு என்பது பொருளின் தேய்மானத்தைச் சொல்வதற்குப் பதில் சந்தை ஒட்டிய சீட்டாக மாறிய இடம் இது.

அப்படிப் பழசாக்கப்பட்ட வண்டிகள் 1930களில் சல்லிக்காசுக்குக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் அவற்றை எடுத்தார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், எடை குறையும் என்பதற்காக. மூரோக், எல் மிராஜ் போன்ற காய்ந்த ஏரிப்படுகைகளில் வேகப் பந்தயம் விட்டார்கள். 1932இல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினை மலிவு விலைக் காரில் வைத்தது இவர்களுக்கு வரமாகப் போயிற்று. 1937இல் பந்தய வேகத்தை அளக்க இவர்களுடைய மன்றங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. யுத்தம் முடிந்து திரும்பிய படைவீரர்கள் பலரிடம் ராணுவத்தில் கற்ற மெக்கானிக் அறிவும் இருந்தது. இதுதான் ஹாட் ராட்.

கலகத்தை அமைப்பு விழுங்குவதற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. 1948இல் ‘ஹாட் ராட்’ என்றே பத்திரிகை வந்தது. 1951இல் தேசிய அளவில் பந்தயச் சங்கம் வந்தது. 1950இல் ஓக்லாந்தில் தொடங்கிய கண்காட்சி, அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் எது என்று விருது கொடுக்க ஆரம்பித்தது. 1980களுக்கு வரும்போது ‘ஸ்ட்ரீட் ராட்’ என்ற பெயரில் கண்ணாடி இழை உடல், கடைந்தெடுத்த அலுமினியப் பாகம், முகம் பார்க்கும் பெயின்ட் என்று ஆகிவிட்டது. மழை பட்டால் கெட்டுவிடும் என்று வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். ஓடுவதற்காகப் பிறந்த வண்டி பல்லக்கில் போனது.

எலி இதற்கு எதிர்வினை. ‘ரேட் ராட்’ என்ற சொல்லை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் கிரே பாஸ்கர்வில் என்பார்கள். அது ஓர் இயக்கமாகத் திரண்டது 1990களில்தான். இன்றைக்கும் மரபு ஹாட் ராட்காரர்கள் பலருக்கு அந்தச் சொல் வசவு. எலிக்காரர்களுக்கு அதுவே பட்டம். வசவையே பெயராகச் சூட்டிக்கொள்வது எங்கும் உள்ள தந்திரம்தான்.

3

சரி, எந்த வண்டி ரேட் ராட்? பொதுவாக ஐந்து அடையாளம் சொல்வார்கள்.

முதலாவது, உடல். 1920களிலிருந்து 1950களின் தொடக்கம் வரையிலான அமெரிக்கக் கார் அல்லது டிரக்கின் கூடு. இரண்டாவது, வெட்டு. கூரைத் தூண்களைச் சில அங்குலம் அறுத்தெடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கி ஒட்டுவது ஒன்று. தரையை அறுத்து உடலைச் சேஸிஸுக்குள் அமிழ்த்துவது இன்னொன்று. சேஸிஸ் சட்டத்தையே படிக்கட்டுமாதிரி மடித்து வெல்டு வைப்பது மூன்றாவது. எல்லாம் வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்கத்தான். காற்றுத் தடையைக் குறைக்க ஏரிப்படுகையில் பிறந்த உத்திகள் இவற்றில் உண்டு. ரேட் ராட்டில் அந்தப் பயன் உதிர்ந்துபோய் உத்தி மட்டும் குறியாக நிற்கிறது.

மூன்றாவது, கலப்பு. ஃபோர்டு உடலுக்குள் ஷெவர்லே எஞ்சின், எங்கோ டிராக்டரிலிருந்து கழற்றிய கிரில், கதவுக் கைப்பிடிக்கு ஸ்பானர். நான்காவது, முடிக்காமல் விடுவது. பிரைமர் பூச்சோடு அல்லது துருவோடு நிறுத்திவிடுவது. ஐந்தாவது, ஓட்டுவது. பல்லக்கு கிடையாது, ரோட்டில் ஓட வேண்டும்.

இந்த ஐந்தில் எதையும் தனியாகப் பிடித்துக்கொண்டு இலக்கணம் எழுத முடியாது. துருப்பிடித்த பழைய கார்கள் கோடிக்கணக்கில் இருந்தன. அவையெல்லாம் ரேட் ராட் இல்லை. கூரை வெட்டிய கார்கள் பளபளப்பாகவும் உண்டு. குறி தன்னளவில் அர்த்தம் தருவதில்லை, வேறுபாட்டால்தான் தருகிறது என்று அமைப்பியலில் படித்தோமே, அது இங்கே தெளிவாகத் தெரிகிறது. பளபளக்கும் ஸ்ட்ரீட் ராட் பக்கத்தில் இருந்தால்தான் எலி எலியாகிறது. அவனுக்கு மறைப்பு, இவனுக்குத் திறப்பு. அவன் பட்டி பார்த்துத் தேய்த்து ஒட்டுத் தெரியாமல் செய்கிறான். இவன் ஒட்டைக் காட்டுகிறான்.

4

ஒட்டு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1957இல் வந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் ரொலாண்ட் பார்த் சித்ரோவென் டி.எஸ். காரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் காரின் வழவழப்புதான் அவருக்கு விஷயம். ஒட்டுத் தெரியாத பொருள் மனிதக் கை படாமல் வானத்திலிருந்து இறங்கியதுபோல் இருக்கிறது. பண்டத்தின் மாயம் அதுதான்: உழைப்பின் தடத்தை அழித்துவிட்டுச் சந்தைக்கு வருவது. ரேட் ராட் இந்த மாயத்தைக் குலைக்கிறது. வெல்டிங் தழும்பைக் கிரைண்டர் போட்டு அழிக்காமல் விடும்போது, இங்கே ஒரு கை வேலை செய்தது என்று தகரம் சொல்கிறது. லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் சொன்ன ‘பிரிக்கோலர்’, அதாவது கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவன், இவன்தான். தொகுப்பு வரிசையில் ஒற்றைத் திருகோடு கட்டப்பட்ட மனிதன் முழு வண்டியையும் தன் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை இதில் இருக்கிறது. அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் ரேட் ராட்டில் இரண்டு குறிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வெல்டிங் தழும்பு, இன்னொன்று துரு. பார்க்கிறவர்கள் இரண்டையும் ‘கச்சா’ என்ற ஒரே பெயரில் ரசித்துவிடுகிறார்கள். தழும்பு உழைப்பின் குறி. துரு கவனிப்பாரற்ற காலத்தின் குறி. இரண்டும் ஒன்றல்ல.

துருவின் வேதியியலைப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படியில்லை. உதிர்ந்து உதிர்ந்து அடுத்த அடுக்கைத் தின்னும். துரு ஒரு நிலை அல்ல, நடந்துகொண்டிருக்கும் அழிவு. ஆகவே துருவை அழகாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் துருப்பிடிப்பதை நிறுத்தியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தடவுகிறார்கள். மேலே மங்கலான வார்னிஷ் அடிக்கிறார்கள். பிறகு துரு இல்லாத தகரத்தில் உப்பும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தெளித்துத் துருவை வரவழைக்கிறார்கள். கடைசியில் துருமாதிரியே பெயின்ட் அடிக்கிறார்கள். அறுபது வருஷத்து வெயிலையும் மழையையும் வார இறுதியில் ஷெட்டுக்குள் உற்பத்தி செய்துவிடலாம்! டிக் ஹெப்டிஜ் 1979இல் உபபண்பாடுகள் குறித்து எழுதியபோது, எதிர்ப்புப் பாணி எப்படிப் பண்டமாகித் திரும்பி வருகிறது என்று காட்டினார். எலிக்கும் அதே கதி. இன்று ஆர்டர் கொடுத்தால் பட்டறையில் செய்து தருகிறார்கள். அந்த விலைக்குப் பளபளப்பான கார் ஒன்றையே வாங்கிவிடலாம்.

சரித்திரத்திலும் ஒரு புரட்டு நடக்கிறது. 1940களின் பையன் பிரைமரோடு வண்டி ஓட்டினான் என்றால் அடுத்த சம்பளத்தில்தான் பெயின்டுக்குக் காசு வரும் என்பதால். பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், அதன்மேல் பூச்சு வந்தாக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கனவில் இருந்தது பளபளப்பு. அவனுடைய இல்லாமையை இன்றைய பார்வை அவனுடைய ரசனையாக வாசிக்கிறது. வறுமையை எளிமை என்று மொழிபெயர்க்கிற வேலை இது.

5

இந்த ‘ஐம்பதுகள்’ ஏக்கம் யாரையெல்லாம் விட்டுவிடுகிறது என்றும் கேட்கணும். அதே லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் ‘லோரைடர்’ வண்டிகளை உருவாக்கினார்கள். வேகம் வேண்டாம், தாழ்வாக, மெதுவாக, ஊரே பார்க்க, மினுங்கிக்கொண்டு போக வேண்டும். வண்டியின் எந்தப் பாகமும் சக்கர விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1950களின் இறுதியில் சட்டம் போட்டது. அப்படி இறக்கி ஓட்டியவர்களில் மெக்சிகப் பையன்கள்தான் போலீஸ் கண்ணில் அதிகம் பட்டார்கள். பின்னர் பல நகரங்கள் வீதி உலாவையே தடை செய்தன. 2024 ஜனவரியில்தான் ஒரு புதிய சட்டம் இவற்றை நீக்கியது. ரேட் ராட்டின் சீட்டில் விரித்திருக்கிற கோடு போட்ட போர்வை மெக்சிகத்துப் போர்வை. போர்வைக்குக் கிடைத்த இடம் அதை நெய்த மக்களின் வண்டிக்குக் கிடைக்க எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள். ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் பளபளப்பைத் தேர்ந்தார்கள் என்பதும் இங்கே விளங்கும். அழுக்காக இருக்கிறாய் என்று நித்தம் ஏசப்படுகிறவனுக்கு அழுக்கு கலகமாக முடியாது. மினுக்கம்தான் அவன் கலகம்.

இன்னொரு ஊர் ஹவானா. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்ட பிறகு கியூபாவுக்கு அமெரிக்க உதிரிப் பாகம் வருவது நின்றது. புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டுமே தனியார் சுதந்திரமாக வாங்கி விற்க முடியும் என்ற நிலை 2011 வரை நீடித்தது. ஆகவே 1950களின் ஷெவர்லேக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உள்ளே சோவியத் எஞ்சின், பட்டறையில் அடித்த பாகம், வேறெதற்கோ செய்த குழாய். கலப்பு என்று பார்த்தால் எந்த ரேட் ராட்டும் இதன் கிட்டே வர முடியாது. ஆனால் ஹவானாக்காரர் கை நிறையப் பெயின்ட் கிடைத்தால் என்ன செய்கிறார்? பட்டி பார்த்து, தேய்த்து, இளஞ்சிவப்பும் நீலமுமாக அடிக்கிறார். துருவை அவர் ஒருநாளும் காட்சிக்கு வைப்பதில்லை. அது அவருக்கு எதிரி. நாளைய சோற்றைத் தின்ன வந்தது.

ஒரே தகரம், ஒரே துரு. ஓரிடத்தில் மறைக்க வேண்டிய காயம், இன்னோரிடத்தில் மாட்டிக்கொள்கிற பதக்கம். இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். நினைத்தால் பெயின்ட் அடித்துவிடக் கூடியவன் அடிக்காமல் விடும்போதுதான் ஒரு வண்டி ரேட் ராட் ஆகிறது. அடிக்க முடியாதவனிடம் இருந்தால் அதன் பெயர் பழைய வண்டி.

6

அதனால் ரேட் ராட் முழுக்கப் போலி என்று தள்ளிவிடலாமா? கூடாது. தன் கையால் அறுத்து, தன் கையால் ஒட்டி, தப்புச் செய்து, மறுபடி ஒட்டி ஓட்டுகிறவன் இருக்கிறான். அவன் தழும்பைக் காட்டுவது நியாயம். அது அவன் சம்பாதித்தது. அந்த வெல்டு சரியில்லையென்றால் முன் ஆக்சில் கழன்று அவன் உயிர்தான் போகும். துருவுக்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. அதைத் தெளித்துக்கொள்ளலாம், விலைக்கும் வாங்கலாம். நாம் தூக்கிப் பிடிக்க வேண்டியது தழும்பை, சந்தேகப்பட வேண்டியது துருவை.

‘கச்சாத்தன்மை’, ‘முரட்டு மொழி’ என்று நாமும் பிரதிகளைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு கதையில் மொழி கரடுமுரடாக இருந்தால் அது எழுதினவர் ஒட்டிப் பார்த்த தழும்பா, மேலே தெளித்த துருவா என்று கேட்டுப் பழக வேண்டும். ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து எழுத வருகிறவர் மினுக்கமாக எழுத ஆசைப்பட்டால், ‘ஒங்க அசலான துரு எங்கே?’ என்று அவரைக் கேட்கிற உரிமை நமக்குக் கிடையாது. அவர் பெயின்ட் அவர் இஷ்டம்.